கிளட்ச் தேய்வது யாரால்?



"பொம்பளைங்க கையில காரைக் கொடுத்தா கிளட்ச் பிளேட்டு போச்சு!" கார் இருக்கிற வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர்கள் குறைவு. மிதிப்பது ஆணா, பெண்ணா என்று கிளட்ச் பிளேட்டுக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மிதிக்கிற காலின் பழக்கம் ஒன்றுதான்.

நம்மில் பலர் முதலில் ஓட்டிப் பழகியது கியர் இல்லாத ஸ்கூட்டர். அதில் கிளட்ச் தானாகவே பிடிக்கும், தானாகவே விடும். கியர் காரில் உட்கார்ந்ததும் இடது காலுக்குப் புது வேலை வந்துவிடுகிறது. மிதி, விடு என்று கற்றுக் கொடுப்பவர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்வதில்லை.

என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். நிற்கிற சக்கரத்தை அதோடு திடீரென்று இணைத்தால் வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகிவிடும். ஓடுகிற பஸ்ஸில் ஏறுபவர் கூடவே நாலு எட்டு ஓடி, வேகம் சமமானதும் படியில் கால் வைக்கிறார் அல்லவா? அந்த நாலு எட்டுதான் கிளட்ச். பெடலை மிதித்தால் என்ஜினும் கியர் பாக்ஸும் பிரியும். காலை எடுக்க எடுக்க, பிளேட்டு முதலில் உரசி, பிறகு ஒட்டிக்கொண்டு என்ஜினோடு ஒன்றாகச் சுற்றும். முழுசாக ஒட்டியிருந்தால் தேய்மானம் இல்லை. நடுவில் உரசுகிற நேரத்தில்தான் சூடும் தேய்மானமும். பஸ் கம்பியைப் பிடித்தபடி கால் தரையில் இழுபட்டுக்கொண்டே போனால் செருப்பு என்ன கதியாகும்? அதே கதிதான் பிளேட்டுக்கும்.

நாம் மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கங்கள் இவை:

* கியர் போட்டதும் காலைப் பெடலை விட்டு எடுத்து, பக்கத்தில் தரையில் வையுங்கள். சும்மாதான் வைத்திருக்கிறேன் என்று நினைப்போம். காலின் கனமே போதும், பிளேட்டின் பிடி தளர்ந்துவிடும்.

* சிக்னலில் முதல் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி காத்திருக்காதீர்கள். நியூட்ரலில் போட்டுக் காலை எடுங்கள். மிதித்தே இருந்தால் உள்ளே இருக்கும் ரிலீஸ் பேரிங் தேயும். முழங்காலும் வலிக்கும்.

* மேட்டில் நிற்கும்போது, பின்னால் உருளாமல் இருக்க ஹாஃப் கிளட்சில் பிடித்து வைப்பதுதான் பிளேட்டுக்குப் பெரிய எமன். ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். கிளம்பும்போது கிளட்சை மெதுவாக விட்டு, என்ஜின் சத்தம் கொஞ்சம் அடங்கி வண்டி முன்னால் இழுப்பது தெரிந்ததும், லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். சமதளத்தில் பத்து நாள் பழகிவிட்டு மேட்டுக்குப் போனால் பயம் தெளிந்துவிடும்.

* நிற்கிற வண்டியை இரண்டாவது கியரில் கிளப்பாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை உறுமவிட்டுக் கிளட்சை இழுத்து இழுத்து விடவும் வேண்டாம்.

இன்னொன்று, உயிர் சம்பந்தப்பட்டது. எங்கள் மாவட்டத்துக் கொல்லிமலைக்குக் காரவள்ளியிலிருந்து ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது சிரமப்படுகிறவர்கள் இறங்கும்போது, "பெட்ரோல் மிச்சம்" என்று நியூட்ரலில் போட்டோ, கிளட்சை மிதித்துக்கொண்டோ வருகிறார்கள். அப்போது என்ஜினின் இழுபிடி போய்விடும். மொத்த பாரமும் பிரேக்கின் மேல் விழும். பிரேக் சூடேறினால் பிடிக்காது. ஏறிய கியரிலேயே இறங்கணும் என்பது லாரிக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. எந்த மலைக்குப் போனாலும் அதையே நாமும் வைத்துக்கொள்வோம்.

பிளேட்டு தேய்ந்துவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் சத்தம் மட்டும் ஏறும், வேகம் ஏறாது. எதோ கருகுகிற மாதிரி நாற்றம் வரும். பெடல் முன்பைவிட ரொம்ப மேலே வந்த பிறகே வண்டி நகரும். இப்படி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். நடு ரோட்டில் நின்றுவிட்டால் இழுத்துப் போகும் செலவும் சேர்ந்துகொள்ளும். ஆனால் கியர் விழும்போது கரகரவென்று சத்தம் வந்தால் உடனே பிளேட்டை மாற்றச் சொல்லிவிடாதீர்கள். கேபிள் சரிசெய்தாலே போதும் என்பதும் உண்டு. முதலில் அதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

பிளேட்டை மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். அதனால் கூலி அதிகம். இறக்கியதோடு பிரஷர் பிளேட், பேரிங் என்று முழு செட்டையும் மாற்றுவதுதான் வழக்கம். பல வீடுகளில் ஒரு மாச பட்ஜெட்டையே விழுங்கிவிடும் செலவு இது. நல்ல பழக்கத்தோடு ஓட்டினால் ஒரே பிளேட்டு லட்சம் கிலோமீட்டர் தாண்டுவதும் உண்டு. பழக்கம் கெட்டால் முப்பதாயிரத்திலேயே முடிந்துவிடும்.

இதில் ஒரு வேதனை. கிளட்ச் ஒரே நாளில் தேய்வதில்லை. வீட்டில் எல்லோரும் வருஷக்கணக்கில் ஓட்டித் தேய்ந்தது, கடைசியாக ஓட்டியவர் தலையில் விடிகிறது. அது பெரும்பாலும் புதிதாகப் பழகும் பெண்ணாக இருந்துவிட்டால், அதோடு சாவி பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஓட்டத் தெரிந்தும் ஆட்டோவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

ஆகவே, தோழிகளே, யாராவது அப்படிச் சொன்னால் அழாதீர்கள், சண்டையும் போடாதீர்கள். அடுத்த தடவை அவர் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய இடது கால் எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்!

- ஓர் இல்லத்தரசி, நாமக்கல்.