பித்தளை என்ஜினுக்கு எதற்காகப் பணம் கொடுக்கிறோம்?

வீட்டின் ஓர் அறையில் மேஜை போட்டு, அதன்மேல் மலையும் பாலமும் ஸ்டேஷனும் அமைத்து, சின்ன ரயிலை ஓடவிடுவது அமெரிக்காவில் பெரியவர்களின் பொழுதுபோக்கு. அதற்கென்று ஒரு தேசியச் சங்கமே 1935 முதல் இயங்கிவருகிறது. இந்த மேஜை அமைப்பை லேஅவுட் என்பார்கள். உண்மை ரயிலை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி, 16.5 மி.மீ. அகலத் தண்டவாளத்தில் ஓட்டும் எச்ஓ அளவுதான் அங்கே மிகப் பரவலானது. யூனியன் பசிபிக் ரயில்வேக்காக 1941 முதல் 1944 வரை செய்யப்பட்ட பிரம்மாண்டமான பிக் பாய் நீராவி என்ஜின், நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் டெண்டரையும் சேர்த்து சுமார் 40 மீட்டர் நீளம். எச்ஓ அளவில் அது 46 செ.மீ. ஆகிவிடும். இப்படி ஒரு மாதிரியைப் பிளாஸ்டிக்கிலும் துத்தநாக வார்ப்பிலும் சில நூறு டாலருக்கு வாங்கலாம். கையால் பற்றவைத்த பித்தளையில் புதிதாக வாங்கினால் விலை சாதாரணமாக ஆயிரம் டாலரைத் தாண்டும். இந்த வித்தியாசம் எதற்காக? உலோகத்துக்காகவும் இல்லை, அழகுக்காகவும் இல்லை, நாளைக்கு விலை ஏறும் என்பதற்காகவும் இல்லை. வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஒரு குறிப்பிட்ட என்ஜின் கிடைக்கிறது என்பதற்காக மட்டுமே அந்தப் பணத்தைக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

பித்தளை எப்படி இந்த உலகத்துக்குள் வந்தது என்று பார்த்தால் காரணம் விளங்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் கைத்திறன் மிகுதியாக இருந்தது, கூலி குறைவாக இருந்தது. 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 360 யென் என்று மாற்று விகிதமும் நிலையாக நின்றது. அமெரிக்க இறக்குமதியாளர்கள் தங்கள் நாட்டு என்ஜின்களின் வரைபடங்களையும் புகைப்படங்களையும் அனுப்ப, ஜப்பானியப் பட்டறைகள் அவற்றைப் பித்தளையில் வடித்து அனுப்பின. 1950-களில் தொடங்கிய பசிபிக் ஃபாஸ்ட் மெயில் அந்த இறக்குமதியாளர்களில் பெரும்பெயர் பெற்றது. டோக்கியோவின் டென்ஷோடோ போன்ற பெயர்கள் அமெரிக்க ரயில் பிரியர்களின் வாயில் புழங்கின. வேலை நடந்த விதம் இதுதான்: பித்தளைத் தகட்டை வெட்டி உருட்டி பாய்லரும் ஓட்டுநர் அறையும் செய்வார்கள். மணி, விசில், காற்றுப் பம்பு போன்ற நுண்ணிய உறுப்புகளை மெழுகு வார்ப்பில் எடுப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பற்றவைப்பார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் விக்கிரகம் வார்க்கும் அதே அடிப்படை முறைதான் இந்த வார்ப்பு. ஆனால் சுவாமிமலையில் ஒவ்வொரு மெழுகு உருவத்தையும் தனித்தனியே கையால் செய்கிறார்கள். இங்கே ரப்பர் அச்சில் ஒரே உறுப்பின் மெழுகுப் பிரதிகளை வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த முறையில் முதலீடு குறைவு, உழைப்பு அதிகம். பிளாஸ்டிக்கில் கணக்கு தலைகீழ். எஃகு அச்சு செய்யப் பெரும்பணம் வேண்டும். அச்சு தயாரானபின் ஒவ்வொரு பிரதிக்கும் ஆகும் செலவு சொற்பம். ஆகவே ஆயிரக்கணக்கில் விற்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் ஒரு என்ஜினுக்கு அச்சு வெட்டுவார்கள். சில நூறு பேர் மட்டுமே விரும்பும் என்ஜினுக்குப் பித்தளையே வழி. நூறுக்கும் குறைவாகச் செய்யப்பட்ட மாதிரிகள்கூட உண்டு. ஜப்பானில் கூலியும் யென்னின் மதிப்பும் ஏறியபோது இந்தத் தொழில் தென் கொரியாவுக்குப் பெயர்ந்தது. சம்ஹோங்சா போன்ற கொரியப் பட்டறைகள் நுணுக்கத்தில் ஜப்பானை விஞ்சின. பின்னர் அங்கும் கூலி ஏறியது, விலையும் ஏறியது. பித்தளை மாதிரியின் விலைச்சீட்டில் இருப்பது பெரும்பாலும் மனித உழைப்பின் மணிக்கணக்கு, அதுவும் சிறிய எண்ணிக்கையில் பங்கிடப்பட்ட மணிக்கணக்கு. செம்பும் துத்தநாகமும் கலந்த அந்தத் தகட்டின் விலை அதில் ஒரு துளி. அந்தச் சிறிய எண்ணிக்கை உங்களுக்கு உண்மையில் தேவைப்படுகிறதா என்பதுதான் வாங்குபவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி.

நுணுக்கத்துக்காகவே பித்தளை வாங்குகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. 1980-களில் இந்த வாதத்துக்கு மறுமொழியே இருந்திருக்காது. அன்றைய பிளாஸ்டிக் என்ஜின்களில் கைப்பிடிக் கம்பிகளும் குழாய்களும் பாய்லரோடு சேர்ந்து வரிவரியாக வார்க்கப்பட்டிருக்கும். பித்தளையில் ஒவ்வொரு குழாயும் தனிக் கம்பியாக நிற்கும். பிறகு கணினி வரைவும் மேம்பட்ட அச்சுகளும் வந்தன. 2002-இல் தொடங்கப்பட்ட பிராட்வே லிமிடெட் போன்ற நிறுவனங்கள் தனிக் கம்பிகளும் உள்ளேயே ஒலிக்கருவியும் கொண்ட நீராவி என்ஜின்களை ஆயத்தமாகப் பெட்டியில் வைத்து விற்றன. பித்தளைக்கு இன்றும் ஒரு மேன்மை உண்டு, மறுப்பதற்கில்லை. ஓட்டுநர் அறைக் கூரையின் விளிம்பு, படிக்கட்டின் தகடு போன்ற இடங்களில் உலோகத் தகட்டின் மெல்லிய தன்மையைப் பிளாஸ்டிக் எட்டுவது கடினம். ஆனால் அந்த வேறுபாட்டைக் கண்ணாடி அலமாரிக்குள் கிட்டத்தில் வைத்துப் பார்த்தால்தான் ரசிக்க முடியும். முப்பது பெட்டிகளை இழுத்துக்கொண்டு கை நீளத் தூரத்தில் ஓடும் என்ஜினில் கூரை விளிம்பின் கனத்தை யாரும் அளப்பதில்லை. லேஅவுட்டுக்கு என்று வாங்குபவர் நுணுக்கத்தை மட்டும் காரணம் காட்டுவது, அலமாரிக்கு வாங்குபவரின் நியாயத்தைக் கடன் வாங்குவதாகும்.

இன்னொரு வாதம் முதலீடு. பித்தளை மாதிரிகளின் விலையைப் பட்டியலிட்ட பிரவுன் புக் போன்ற கையேடுகளை வைத்துக்கொண்டு, பங்குச் சந்தை பார்ப்பதுபோல் விலை பார்த்த காலம் ஒன்று இருந்தது. அந்த விலைகளைத் தாங்கிநின்றது அருமை மட்டும்தான், அருமை எப்போது வேண்டுமானாலும் உடையக்கூடியது. ஷே என்ற மரம்வெட்டுக் காடுகளின் என்ஜினைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர்கள், நீளமான சுழல் தண்டு, பற்சக்கரங்கள் என்று விசித்திரமான அமைப்பு. இதைப் பிளாஸ்டிக்கில் யார் செய்யப்போகிறார்கள் என்று எண்ணியே பலர் பித்தளை ஷேக்களை வாங்கிச் சேர்த்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் பாக்மேன் நிறுவனம் எச்ஓ ஷேயைப் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்ததும், ஓட்டுவதற்காக ஷே தேடியவர்களுக்குப் பித்தளை ஒரே வழியாக இல்லாமல் போயிற்று. முதலீட்டு வாதத்தில் இன்னொரு முரணும் உண்டு. சேகரிப்பாளர் விரும்புவது பெட்டி கலையாத, வர்ணம் பூசாத, ஓடாத என்ஜின். லேஅவுட்காரருக்கு வேண்டியது வர்ணம் பூசி, மோட்டார் மாற்றி, எண்ணெய் விட்டு, ஓடித் தேய்ந்த என்ஜின். ஒரே பொருளை இரண்டு விதமாகவும் வைத்திருக்க முடியாது.

ஓட்டம் என்று வந்துவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது வளைவு. அமெரிக்காவில் தொடக்கநிலை லேஅவுட் பெரும்பாலும் எட்டடிக்கு நாலடி பிளைவுட் பலகை ஒன்றில் அமைவது வழக்கம். நாலடி அகலத்தில் முழு வளைவு போட்டால் ஆரம் 22 அங்குலத்தைத் தாண்டாது. கடைகளில் விற்கும் ஆயத்தத் தண்டவாளத்தின் வழக்கமான ஆரம் 18 அங்குலம். பெரிய பித்தளை என்ஜின்கள் பலவற்றுக்கு 30 அங்குலமோ அதற்கு மேலோ வேண்டும். 30 அங்குலம்கூட உண்மை அளவில் 66 மீட்டர்தான். உண்மையான முக்கியத் தடங்களில் வளைவின் ஆரம் பல நூறு மீட்டர். பிக் பாயில் பின்புறச் சக்கரத் தொகுதி பாய்லரோடு நிலையாக இணைந்திருக்கும், முன்தொகுதி மட்டும் திரும்பும். பிளாஸ்டிக் மாதிரிகள் பலவற்றில் இரண்டையும் திரும்பவிட்டு, சிறிய வளைவிலும் ஓடும்படி சமாளித்திருக்கிறார்கள். அசலுக்கு விசுவாசமான பித்தளை மாதிரியில் அந்தச் சலுகை பெரும்பாலும் இருக்காது. அது பெரிய வளைவு கேட்கும். வளைவில் அதன் மூக்கு வெளியே நீண்டு சிக்னல் கம்பத்தையும் பாலத்தின் பக்கச் சட்டத்தையும் இடிக்கவும் செய்யும். அசலைப்போலவே இருப்பது என்ற பித்தளையின் பெருமைதான் சிறிய அறையில் அதற்கு எதிராக வேலை செய்கிறது.

அடுத்தது மின்சாரம். எச்ஓ ரயிலில் இரண்டு தண்டவாளங்களும் மின்சாரத்தின் இரண்டு முனைகள். பழைய பித்தளை என்ஜின்களில் வழக்கமான ஏற்பாடு, என்ஜின் ஒரு தண்டவாளத்திலிருந்தும் டெண்டர் மறு தண்டவாளத்திலிருந்தும் மின்சாரம் எடுப்பது. அதாவது இரண்டின் உலோக உடலும் மின்கம்பியாகவே இருக்கிறது. வளைவில் என்ஜினின் பின்பகுதியும் டெண்டரின் முன்பகுதியும் உரசினாலோ, அழகுக்காக வைத்த பிரேக் கட்டை சக்கரத்தைத் தொட்டாலோ ஷார்ட் ஆகிவிடும். 1990-களில் அமெரிக்கச் சங்கத்தின் தரநிலையாக வந்த டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் இது இன்னும் கவலைக்குரியது. அதில் ஒவ்வொரு என்ஜினுக்குள்ளும் டிகோடர் என்ற சிறு மின்னணு அட்டை இருக்கும், மோட்டாருக்கு மின்சாரம் அதன் வழியாக மட்டுமே போக வேண்டும். பழைய மோட்டார்களில் ஒரு முனை பல சமயம் என்ஜினின் சட்டத்தோடு சேர்ந்தே இருக்கும். அதைப் பிரிக்காமல் இணைத்தால் டிகோடர் கருகும். பிரித்தாலும், அந்த மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டம் சிறிய டிகோடரின் அளவை மீறக்கூடும் என்பதால் புது மோட்டார் போடுவதே நல்லது. இதற்கு மேல் வர்ணம் இருக்கிறது. பழைய மாதிரிகள் பெரும்பாலும் மெல்லிய லாக்கர் பூச்சோடு பொன்னிறத்தில்தான் வரும். அதை நீக்கி, கழுவி, நிதானமாகக் கறுப்பு பூசுவது தனி வித்தை. ஆக மோட்டார், டிகோடர், ஒலி, வர்ணம் எல்லாம் சேர்த்ததுதான் ஓடும் என்ஜினின் விலை. மலிவாகக் கிடைத்தது என்று சொல்லப்படும் பல பித்தளை என்ஜின்கள் இந்தக் கூட்டலைச் செய்தபின் மலிவாக இருப்பதில்லை.

இத்தனை தொல்லை என்றால் பித்தளையே வேண்டாமே என்று கேட்கலாம். அங்கே நான் மாறுபடுகிறேன். பித்தளைக்கு ஒரு பெரிய குணம் உண்டு, அதை விளம்பரங்கள் அதிகம் சொல்வதில்லை: அதைப் பழுதுபார்க்கலாம். பித்தளை உருகத் தோராயமாக 900 டிகிரி செல்சியஸ் வேண்டும், அதை ஒட்டியிருக்கும் வெள்ளீய-ஈயப் பற்று 200 டிகிரிக்குள் இளகிவிடும். எனவே உடைந்த படிக்கட்டையும் கழன்ற குழாயையும் பக்கத்து உறுப்புக்குச் சேதம் இல்லாமல் எடுத்து மறுபடி பொருத்தலாம். சட்டமும் உடலும் திருகாணிகளால் பிரியும். மோட்டாரும் பற்சக்கரப் பெட்டியும் தேய்ந்தால் மாற்றுப் பாகங்கள் தனியே கிடைக்கின்றன, நார்த் வெஸ்ட் ஷார்ட் லைன் என்ற நிறுவனம் இவற்றுக்கே பெயர்போனது. பிளாஸ்டிக் பற்சக்கரம் வெடித்தாலோ துத்தநாக வார்ப்பு உள்ளுக்குள் உளுத்துப்போனாலோ, அந்த மாதிரிக்கென்று செய்த பாகம் வேறெங்கும் கிடைக்காமல் முழு என்ஜினும் வீணாவதுண்டு. ஐம்பது ஆண்டு பழைய பித்தளை என்ஜினை இன்றைய மோட்டாரோடு மென்மையாக ஓடவைக்க முடியும். இந்தக் குணமும் ஓட்டுபவருக்குத்தான் பயன்படுகிறது, அலமாரியில் பூட்டிவைப்பவருக்கு அல்ல.

இதிலிருந்து வாங்கும் முறையும் தானாகவே தெளிவாகிறது. உங்கள் லேஅவுட் எந்த ரயில்வேயை, எந்தக் காலத்தைக் காட்டுகிறது என்று முதலில் முடிவுசெய்யுங்கள். அந்த இடத்தில் ஓடிய என்ஜின் பிளாஸ்டிக்கில் நல்ல தரத்தில் கிடைத்தால், யோசிக்காமல் அதை வாங்குங்கள். கிடைக்காது, அது இல்லாமல் லேஅவுட்டின் கதை நிற்காது என்றால் பித்தளைக்குப் போங்கள். விற்பவரிடம் குறைந்தபட்ச ஆரத்தைக் கேளுங்கள். இரண்டு திசையிலும் மிகமிக மெதுவாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். சீரற்ற நடையோ கரகரப்போ இருந்தால் சக்கரங்கள் கோணம் தப்பியிருக்கலாம், பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம். பெட்டிக்குள் இருக்கும் பழைய ஸ்பாஞ்சு பிசுபிசுத்துப் போய் லாக்கரில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எடையை நம்பிவிடாதீர்கள். தகட்டுப் பாய்லர் உள்ளே வெற்றிடம், எனவே சிறிய பித்தளை என்ஜின்களுக்கு இழுவைக்காக ஈயம் வைக்க வேண்டியிருக்கும். இந்தியாவிலிருந்து தருவிப்பவர் அனுப்பும் செலவையும் சுங்க வரியையும் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். இவ்வளவும் பார்த்தபின்னும் அந்த என்ஜின்தான் வேண்டும் என்று தோன்றினால் வாங்கலாம். வாங்கியபின் வர்ணம் பூசி ஓட்டுங்கள். திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்ற கேள்வி ஒரு தடவையாவது மனதில் எழுந்தால், அந்தப் பணத்தை வங்கியில் போடுவது மேல்.