மறதி நோயுற்ற முதியோருக்கு ஐம்புலப் பயிற்சி

விடியுமுன் எழுந்து, பெரட்டுக்கு நேரமாயிற்று என்று பால்வாளியைத் தேடும் ஓய்வுபெற்ற முதியவர்களைத் தோட்ட வீடுகளில் நாம் காண்பதுண்டு. பெற்ற மகளையே யாரென்று கேட்பவர்களும் உளர். இதனைப் பேய்க்கோளாறு எனக் கருதி அவர்களை அறையில் அடைத்து வைப்பது பெருந்தவறாகும். இது மூளையைப் பற்றும் நோய். மருத்துவர்கள் இதனை டிமென்ஷியா என்பர். இதற்குப் பெரும்பாலும் காரணமான அல்சைமர் நோயை, ஜெர்மானிய மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் 1906-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார்.

பொதுவாக, அண்மை நிகழ்ச்சிகளே முதலில் மறக்கின்றன. இளமை நினைவுகளும், கைக்குப் பழகிய வேலையும், பாட்டும் நெடுநாள் நிலைத்திருக்கும். மேலும், மணத்தை உணரும் நரம்புகள் நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் மூளைப் பகுதிகளுடன் நெருங்கிய தொடர்புடையவை. ஆகவே, புலன்களின் வாயிலாக முதியவரை நாம் அணுகலாம். வீட்டிலுள்ள பொருள்களே இதற்குப் போதும்.

மூக்கு: மல்லிகைப்பூ, விபூதி, வறுத்த கொத்தமல்லி ஆகியவற்றை முகரச் செய்யலாம்.

செவி: அவர்தம் இளமைக்காலப் பாடல்களை ஒலிக்கச் செய்து, நாமும் உடன் பாடலாம். வானொலியும் தொலைக்காட்சியும் ஒருங்கே ஒலித்தல் கூடாது.

மெய்: தேங்காயெண்ணெய் தடவிக் கைகளை மெல்லத் தேய்த்துவிடலாம். கீரை ஆய்தல், பூக்கட்டுதல், துணி மடித்தல் போன்ற பழகிய வேலைகளைக் கொடுக்கலாம். வெட்டுக்கத்தியைக் கொடுத்தலாகாது.

கண்: பழைய புகைப்படங்களைக் காட்டலாம். "இது யார், சொல்லுங்கள்" என்று சோதித்தல் வேண்டா. பெயரை நாமே கூறிப் பேச்சைத் தொடங்குவோம்.

நா: விரும்பிய பலகாரத்தைச் சிறிதளவு கொடுக்கலாம். விழுங்க இடர்ப்படுவோர்க்கு மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும்.

ஒரு வேளைக்கு ஒரு பயிற்சி, 15 அல்லது 20 நிமிடங்கள் போதும். முகம் சுளித்தால் உடனே நிறுத்துக. பலருக்கு மாலையில் பதற்றம் மிகுமாதலால் காலை நேரமே ஏற்றது. பால் உறைய வைக்கும் ஆசிட்டையும் களைக்கொல்லியையும் பூட்டி வைக்க வேண்டும். இன்னதென்று அறியாமல் அவர்கள் பருகிவிடக் கூடும்.

இப்பயிற்சி நோயைத் தீர்க்காது. மன அமைதியைத் தரக்கூடும். தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு போன்றவற்றால் வரும் மறதிக்கோ சிகிச்சை உண்டு. எனவே, மறதி தோன்றியவுடன் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். கண்ணையும் செவியையும் அங்கே சோதித்தறிதல் நன்று.

காடழித்து மரம் நட்டு, நம்மை ஆளாக்கிய கைகள் அவை. நம் பெயரை அவர்கள் மறந்த பின்னரும், நாம் பற்றும் கையின் அன்பை அவர்கள் உணர்வர்.