அல்பம் தொலைந்த வீட்டுக்குக் களிமண்ணில் ஒரு படம்

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்பாக 2017 பெப்ரவரி 20இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டத்தைத் தொடங்கியபோது, தாய்மார் பிள்ளைகளின் படங்களை ஏந்தி இருந்தார்கள். ஏந்துவதற்கு ஒரு படமும் மிஞ்சாத வீடுகளும் வன்னியில் உண்டு. 2009இல் போரில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து முள்ளிவாய்க்கால் வரை போனவர்களின் அல்பங்கள் பதுங்குகுழிகளிலும் தறப்பாள்களுக்குக் கீழும் போய்விட்டன.

அப்படியொரு வீட்டின் கதையை எப்படிக் குறும்படமாக்குவது? கம்போடிய இயக்குநர் ரித்தி பான் ஒரு வழி காட்டியிருக்கிறார். கெமர் ரூஜ் ஆட்சியில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர் அவர். அந்த வாழ்க்கையைக் காட்டப் படங்கள் இல்லாததால் களிமண்ணில் சிறு உருவங்கள் செய்வித்து, பழைய ஆவணக் காட்சிகளோடு சேர்த்து ‘தி மிஸ்ஸிங் பிக்சர்’ என்ற படத்தை எடுத்தார். 2013இல் கான் விழாவில் ‘அன் செர்ட்டன் ரிகார்’ பிரிவின் பரிசு அதற்குக் கிடைத்தது. அதில் உருவங்கள் அசைவதில்லை. கமராதான் அவற்றைச் சுற்றி நகர்கிறது.

உருவம் அசைய வேண்டுமென்றால் ஸ்டொப் மோஷன். மயிரளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். செக்கனுக்கு 12 படம் போதும். 24 சட்டகம் ஓடும் வீடியோவில் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் வைக்கலாம். பத்துச் செக்கனுக்கு 120 படம். ஒரு படத்துக்கு ஒரு நிமிடம் பிடித்தாலும் இரண்டு மணித்தியால வேலை.

நிஜ மனிதரையும் களிமண்ணையும் ஒரே சட்டகத்தில் சேர்ப்பதில்தான் உண்மையான கஷ்டம். அம்மா கோப்பையில் சோறு போடுகிறார். மேசையின் மறுகரையில் களிமண் பையன் நடந்து வருகிறான் என்று வைப்போம். போனைத் தாங்கியில் இறுக்கி, குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பையன் வரப்போகும் இடத்தில் ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, அம்மாவை அதைப் பார்க்கச் சொல்லி வீடியோ எடுங்கள். பிறகு அம்மா எழும்பிப் போகட்டும். தீப்பெட்டியை எடுத்துவிட்டு அதே இடத்தில் பையனைப் படம் படமாக எடுங்கள். கணினியில் இடப்பாதி வீடியோ, வலப்பாதி படங்கள். ஒட்டும் கோட்டை அம்மாவின் கை தாண்டக்கூடாது. பார்வை சற்றுப் பிசகினாலும் அவர் வெறும் மேசையைப் பார்ப்பது தெரிந்துவிடும்.

கை அவனைத் தொட்டே ஆகவேண்டுமென்றால், அம்மாவும் பொம்மைபோல இருந்து படத்துக்குப் படம் கையை நகர்த்த வேண்டும். கனடாவின் நோர்மன் மக்லாரன் 1952இல் ‘நெய்பர்ஸ்’ படத்தில் மனிதர்களையே இப்படி அசைத்தார். ஒரு பூவுக்காக வேலி போட்டு அடிபட்டுச் சாகும் இரண்டு அயலவர்களின் கதை அது. வேலிச் சண்டை தெரிந்த எங்கள் ஊர்களில் அதற்கு விளக்கம் தேவையில்லை.

குளத்துக் களி காய்ந்தால் வெடிக்கும். கடையில் விற்கும் பிளாஸ்டிசின் வெடிக்காது, ஆனால் சித்திரை வெக்கையில் இளகிக் கால் மடியும். உள்ளே அலுமினியக் கம்பி வையுங்கள். கட்டுக்கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். யன்னல் வெயில் நகர நகர நிழலும் நகர்ந்து படம் துடிக்கும். அதனால் யன்னலை மூடி மின்குமிழில், இரவில் எடுப்பதே நல்லது. கருநிறச் சேட் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வெள்ளைச் சேட்டின் வெளிச்சம் களிமண் முகத்தில் விழும்.

எல்லாவற்றையும் அசைக்கவும் வேண்டாம். அம்மா காத்திருக்கும் காட்சியில் பையன் சும்மா நிற்கட்டும். ரித்தி பானின் உருவங்கள் நின்றபடியே எங்களை அழவைக்கின்றன.

போனை எடுப்பதற்கு முதல் அந்த வீட்டுக்குப் போய் இருங்கள். அவர்கள் விரும்பிச் சொல்வதை மட்டும் கேளுங்கள்: கிணறு எந்தப் பக்கம் இருந்தது, கடைசியாகப் பார்த்த அன்று பிள்ளை என்ன நிறச் சேட் போட்டிருந்தான். களியை அந்த நிறத்தில் வாங்குங்கள்.