படலைக்கும் கரைக்கும் நடுவே

மன்னாரின் பேசாலையில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கிடுகு வேலி, படலை, வெளியே ஒழுங்கை, ஒழுங்கை முடிகிற இடத்தில் கடல். எல்லாமே மணல். நடக்கிறவருக்கு வீட்டிலிருந்து கரையோர மீன்வாடிக்கு ஐந்து நிமிடம். பிள்ளைகள் ஓடியே போய்விடுவார்கள். இதே வழியில் ஒருவர் சக்கர நாற்காலியில் போக நினைத்தால் என்ன நடக்கும் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சக்கர நாற்காலிக்கான சாய்தளத்துக்கு உலகெங்கும் சொல்லப்படும் அளவு 12க்கு 1. பன்னிரண்டு அடி போனால் ஓரடி ஏற வேண்டும். ஆளும் நாற்காலியும் சேர்ந்து 96 கிலோ என்று வைத்துக்கொண்டால், அந்தச் சரிவில் ஏற 8 கிலோவைத் தூக்குகிற அளவு விசை தேவை. தோள் பழகியவர் ஏறிவிடுவார். இனி மணலுக்கு வருவோம். சில்லு உருளும்போது தரை அதை எவ்வளவு பிடித்திழுக்கிறது என்பதற்குப் பொறியியல் கையேடுகளில் ஓர் எண் உண்டு. சீமெந்துத் தரையில் அது 0.01 அளவில் இருக்கும். தளர்ந்த மணலில் 0.3. நம் 96 கிலோவுக்குச் சீமெந்தில் ஒரு கிலோ விசை போதும்; மணலில் 29 கிலோ வேண்டும். சாய்தளத்தில் ஏறுவதைவிட மூன்றரை மடங்குக்கு மேல். கண்ணுக்கு மட்டமாகத் தெரிகிற அந்த முற்றம், சில்லுக்கு மூன்றடிக்கு ஏறக்குறைய ஓரடி ஏறுகிற மலைச்சரிவு. அதன் அடிவாரத்தில்தான் அவர் தினமும் கண்விழிக்கிறார்.

காரணம் எளிது. சில்லு மணலில் நிற்பதில்லை, புதைகிறது. புதைந்த பிறகு ஒவ்வோர் அங்குலமும் தனக்கு முன்னால் குவிகிற மணலைத் தள்ளிக்கொண்டுதான் நகர வேண்டும். ஆஸ்பத்திரியில் பார்க்கிற நாற்காலியின் முன்சில்லுகள் மிகச் சிறியவை. வழுவழுப்பான தரைக்காகச் செய்யப்பட்டவை. மணலில் முதலில் இறங்குவது அவைதாம். 1991இல் பிரித்தானியாவில் தொடங்கிய மோட்டிவேஷன் என்ற அமைப்பு இதற்கு ஒரு வழி கண்டது. முன்னால் ஒரே ஒரு சில்லு, அதையும் நன்றாகத் தள்ளி வைப்பது. பாரம் பின்னிரு பெரிய சில்லுகளுக்குப் போய்விடுகிறது. முன்சில்லு மணலைக் கிழிக்காமல் மேலே மிதந்து வருகிறது. அதோடு ஒழுங்கையில் கிறவல் கொட்டி இறுக்கிவிட்டால் மலை பெருமளவு குறைந்துவிடும்.

நாற்காலியையும் ஒழுங்கையையும் ஒன்றாக வைத்து யோசிக்கிற இந்தத் துறைக்கு இலங்கையில் தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். பெயரைக் கேட்டவுடன் தையல் மெசின் கொடுத்து வேலை பழக்குவது என்றுதான் பலர் எண்ணுகிறார்கள். தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் இதன் சரியான பொருள் தெரியும். உண்ணல், நடத்தல், குளித்தல், சிரித்தல் எல்லாம் தொழிற்பெயர்கள். தொழில் என்றால் செயல். தலை வாருவதும் தொழில், திருவிழாவுக்குப் போவதும் தொழில். இந்தச் சிகிச்சை கையாளுவது அந்தத் தொழிலைத்தான்.

1917இல் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஆறு பேர் கூடி இத்துறைக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவரான ஜோர்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். பாதத்தின் ஒரு பகுதியை இழந்து, இடப்பக்கம் செயலிழந்தவர். தோட்டவேலையும் மரவேலையும் செய்து தன் உடம்பைத் தானே மீட்டுக்கொண்ட அனுபவம் அவருக்கு இருந்தது. மருத்துவம் படிக்காத ஒரு நோயாளியும் சேர்ந்து தொடங்கிய மருத்துவத்துறை என்பதாலேயே எனக்கு இதன்மேல் தனி மரியாதை.

மன்னாருக்கு இது ஏன் இவ்வளவு தேவை? 2009இல் போர் முடிந்தபோது மாந்தை, அடம்பன் பக்கத்து வயல்களில் மிதிவெடிகள் கிடந்தன. கால் இழந்தவர்கள் இன்றும் அந்த ஊர்களில் வாழ்கிறார்கள். பனையிலிருந்து விழுந்து முள்ளந்தண்டு முறிந்தவர்கள் உண்டு. பாரிசவாதம் எல்லா ஊருக்கும் வருவதுபோல இங்கும் வருகிறது. இவற்றோடு கடலும் தன் பங்குக்கு ஒரு காயம் தருகிறது.

மறிச்சுக்கட்டியில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில், குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்கினார்கள். ஒரு மூச்சுக் காற்றுத்தான் உள்ளே. ஆபத்து வேறு வகையில் வந்தது. இன்று கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்குகிறவர் 20 மீற்றர் ஆழத்தில் கரையில் இருப்பதைப்போல மூன்று மடங்கு அழுத்தத்தில் மூச்சு விடுகிறார். நைட்ரஜன் இரத்தத்தில் கரைந்து, கொழுப்பு மிகுந்த திசுக்களில் போய்த் தங்குகிறது. முள்ளந்தண்டு வடம் அப்படிப்பட்ட திசு. சட்டென்று மேலே வந்தால், சோடாப் போத்தலின் மூடியைத் திறந்தது போல, கரைந்த வாயு குமிழியாகிறது. வடத்துக்குள் குமிழி வந்தால் கால் இரண்டும் போய்விடலாம். காலையில் வள்ளத்தில் ஏறிய இளைஞர் மாலையில் தூக்கிவரப்படுகிறார்.

அவருக்கான பெரிய மறுவாழ்வு ஆஸ்பத்திரி கொழும்புக்குப் பக்கத்தில், ராகமையில் இருக்கிறது. மன்னாரிலிருந்து சுமார் 300 கிலோமீற்றர். அங்கே தரை மட்டம், கதவு அகலம், குழாயைத் திறந்தால் தண்ணீர். அவர் திரும்பி வருவதோ மணலுக்கும் கிணற்றுக்கும்.

இங்கே சிகிச்சையாளர் முதலில் கேட்கும் கேள்வி, "முன்பெல்லாம் காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்பதே. பதிலை அவர் துண்டு துண்டாக உடைக்கிறார். இதைச் செயற்பகுப்பு என்று சொல்லலாம். வலை பொத்துவதை எடுத்துக்கொள்வோம். கரையில் உட்கார்ந்து வலை பொத்துகிறவரைக் கவனித்தால், கிழிந்த இடத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். ஒரு கை வலையின் கண்ணைப் பிடிக்கும். மறு கை நூல் சுற்றிய ஊசியை நுழைத்து, முடிச்சிட்டு, இறுக்கும். அப்படியென்றால் இந்த வேலைக்கு மூன்று கைகள் தேவை. மூன்றாவது கை கால்விரல். கால் இழந்தவரால் வலை பொத்த முடியாமற் போனால், அவர் இழந்தது அந்த மூன்றாவது கையை. வாடியின் கப்பில் நெஞ்சளவு உயரத்தில் ஒரு கொக்கி அடித்துவிட்டால் அது திரும்பக் கிடைத்துவிடும். பத்து ரூபா ஆணி செய்கிற காரியம். ஆனால் அந்த ஆணியை எங்கே அடிக்க வேண்டும் என்று காண்பதற்கு, பெருவிரலைக் கவனித்த ஒரு கண் வேண்டும்.

விரல்களே செயலிழந்தவர் என்றால்? இதைச் சொல்வதற்கு முன் உங்கள் கையால் ஒரு சோதனை. முழங்கையை மேசையில் ஊன்றி, விரல்களைத் தளரவிட்டு, மணிக்கட்டை முன்னால் தொங்க விடுங்கள். விரல்கள் விரிகின்றன. இப்போது மணிக்கட்டை மட்டும் மெல்லப் பின்னால் வளையுங்கள். விரல்கள் தாமாகவே மடிந்து, பெருவிரல் சுட்டுவிரலின் பக்கவாட்டில் வந்து அணைகிறது. நீங்கள் விரலுக்கு எந்தக் கட்டளையும் கொடுக்கவில்லை. விரல்களை மடக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் உட்புறமாக ஓடுகின்றன. மணிக்கட்டு பின்னால் சாயும்போது அவற்றின் பாதை நீள்கிறது. நாண் நீளாததால் விரலை இழுத்துவிடுகிறது.

கழுத்தில் ஆறாவது நரம்பு மட்டத்தில் வடம் அடிபட்டவருக்கு விரல்கள் அசையா, ஆனால் மணிக்கட்டைப் பின்னால் வளைக்கும் தசை பிழைத்திருக்கும். அந்த ஒரே அசைவைக் கொண்டு அவர் கரண்டி பிடிக்கலாம், கோப்பை தூக்கலாம், கைபேசி எடுக்கலாம். றப்பர் குழாய் சுற்றித் தடிப்பாக்கிய வலையூசியையும் பிடித்துப் பார்க்கலாம். இந்தப் பிடி பலமாக இருக்க, மடக்கும் நாண்கள் கொஞ்சம் இறுகியே இருக்க வேண்டும். நெஞ்சை உறுத்துவது இதுதான்: வீட்டில் அம்மாவோ மனைவியோ, மடங்கிக் கிடக்கிற விரல்களைப் பார்த்துத் தாங்காமல், எண்ணெய் பூசி, மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னால் இழுத்து நிமிர்த்துவார்கள். நாள்தோறும் அன்போடு இழுக்க இழுக்க நாண் தளர்ந்து, கிடைக்கவிருந்த பிடி போய்விடும். விரலை நிமிர்த்துவதென்றால் மணிக்கட்டை முன்னால் மடக்கிக்கொண்டு நிமிர்த்த வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அது சரியான வீட்டுக்குச் சரியான மாதத்தில் போய்ச் சேர்ந்தால், ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தன் கையால் சாப்பிடுவார்.

கை பற்றிச் சொன்ன அளவுக்குக் காலுக்குச் சொல்ல இடமில்லை. ஜெய்ப்பூர்க் கால் மட்டும். 1960களின் இறுதியில் டாக்டர் பி. கே. சேத்தியும் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கியது. மேற்கத்தைய செயற்கைப் பாதம் சப்பாத்துக்குள் ஒளிந்திருக்கச் செய்யப்பட்டது; இது வெறுங்காலாகவே நடக்கச் செய்யப்பட்டது. றப்பர் என்பதால் சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கலாம், குந்தியிருக்கலாம், கோவிலுக்குள் போகலாம். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இதற்கென ஒரு மையம் இயங்குகிறது. உலர்ந்த மணலில் நடக்க, கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று 1998இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் அளந்து சொன்னார்கள். இரண்டு நல்ல காலுள்ளவருக்கே அந்தக் கணக்கு. பொய்க்காலோடு கரையில் நடக்கிறவர் களைத்து உட்கார்ந்தால் அது சோம்பல் அல்ல.

பாரிசவாதம் வந்து ஒரு கை விழுந்த பெண்ணுக்கு வங்காலையில் முதற்கவலை நடையாக இராது. மீன் வெட்டுவதாகவே இருக்கும். வழுக்குகிற மீனை ஒரு கையால் எப்படி வெட்டுவது? பலகையில் துருப்பிடிக்காத இரண்டு ஆணிகளைக் கீழிருந்து மேலாக அடித்து, அதில் மீனைக் குத்தி நிறுத்தினால், மற்றக் கையின் வேலையை ஆணி பார்த்துக்கொள்ளும். இதைச் சின்ன விடயம் என்று நினைக்கிறவர்கள், பத்து நாள் வேறொருவர் ஆக்கியதைத் தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

வெயிலையும் சொல்லவேண்டும். மார்புக்கு மேலே வடம் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே ஒழுங்காக வியர்ப்பதில்லை. நமக்கு உடம்பைக் குளிர்விப்பது வியர்வை. கச்சான் வீசாத ஒரு பங்குனி நண்பகலில், கரையில் நிழலின்றி அவரை விட்டுப் போவது ஆபத்து. ஈரத்துணியும் தண்ணீர்த் தெளிப்பானும் அவருடைய வியர்வை. உட்காருவதிலும் கவனம் வேண்டும். நாம் எல்லோரும் அறியாமலே அடிக்கடி இடம் மாறி உட்காருகிறோம். வலி நம்மை நகர்த்துகிறது. வலி தெரியாதவர் நேரம் பார்த்துக் கைகளை ஊன்றித் தன்னைத் தூக்கிக்கொள்ளாவிட்டால், எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே இரத்தம் ஓடாத தசை செத்துப் புண்ணாகும்.

2001இல் உலக சுகாதார நிறுவனம் மனிதச் செயல்களையெல்லாம் வகைப்படுத்தி ஒரு பட்டியல் வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. சமைப்பதற்கு டி 630, ஊர்க் காரியங்களில் கலந்துகொள்வதற்கு டி 910, வழிபாட்டுக்கு டி 930. தடையாகவோ துணையாகவோ நிற்கும் சூழலுக்கும் குறியீடுகள் உண்டு. நிலத்தின் அமைப்புக்கு ஈ 210. பேசாலை மணல் மருத்துவப் பதிவேட்டில் ஏறிவிட்டது! எருக்கலம்பிட்டிப் பள்ளிவாசலில் ஒளுச் செய்யும் குழாயின் உயரமும், மடுத் திருவிழாவில் கூடாரத்துக்கும் கழிப்பறைக்கும் உள்ள தூரமும் இனி உடல்நல விடயங்கள்தாம்.

இந்த அறிவைக் கிராமத்துக்குக் கொண்டுபோனதில் இலங்கைக்குப் பெருமைப்பட இடமுண்டு. ஆஸ்பத்திரி வரமுடியாத குடும்பங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட பயிற்சிக் கையேட்டை எழுதிய நால்வரில் பத்மனி மெண்டிஸ் இலங்கையர், இயன்மருத்துவர். அதில் 30 பயிற்சித் தொகுப்புகள். அவற்றை வீட்டாரே வாசித்து, வீட்டாரே பழக்கலாம். மன்னாரில் மார்டாப் என்று அறியப்படும் மாற்றுவலுவுள்ளோர் சங்கம் இருக்கிறது. சட்டமும் துணை நிற்கிறது: மாற்றுவலுவுள்ளோர் உரிமைகளுக்கான 1996இன் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் நுழையக்கூடிய வசதி கோரும் 2006ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகள், அதே உரிமைகளுக்கென 2016இல் ஏற்றுறுதி செய்யப்பட்ட ஐ.நா. சமவாயம். ஆறங்குலப் படி மூன்று உள்ள ஓர் அலுவலகத்துக்குத் தேவை 18 அடிச் சாய்தளம், அவ்வளவே. மன்னாருக்கு வருகிற தொழில்வழிச் சிகிச்சையாளருக்கு அறையோடு சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுக்க வேண்டும் என்பேன். அவருடைய வேலை படலைக்கு உள்ளேயும் வெளியேயும் இருக்கிறது.

திருக்கேதீச்சரத்தில் சிவராத்திரியன்று பாலாவித் தீர்த்தத்தில் நீர் மொண்டு போய் மகாலிங்கத்துக்குத் தாங்களே ஊற்றுவது அடியவர் வழக்கம். விரல் அசையாத, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் இதைச் செய்ய விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். செயற்பகுப்பைத் தொடங்கலாம். குடம் பிடித்தால் சில்லைத் தள்ளக் கையில்லை. ஆகவே தள்ள ஒருவர். குடம் மடியில், தொடைகளுக்கு நடுவே ஈரத்துணியில் பதித்து வைத்தால் வழுக்காது. முழுக்குடம் வேண்டாம், செம்பு போதும். கழுத்து ஒடுங்கிய செம்பு. லிங்கத்தின் முன் நாற்காலி நேராக அல்லாமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும், கை எட்டுவதற்கு. இரண்டு மணிக்கட்டுகளையும் பின்னால் வளைத்தால் விரல்கள் மடிந்து செம்பின் கழுத்தை அணைக்கும். தூக்கலாம். ஊற்றுவதற்கு முழங்கையைச் சாய்த்தால் போதும். மணிக்கட்டை மட்டும் தளரவிடக்கூடாது, கடைசிச் சொட்டு விழும்வரை.