கார்ப்பெட்டுக்கு ஒரு பேட்ச்

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தார்: “வாடகை வீட்டுக் கார்ப்பெட்ல இஸ்திரிப் பெட்டி விழுந்து உள்ளங்கை அளவுக்குத் தீய்ஞ்சு போச்சு. அடுத்த மாசம் காலி பண்றோம். நானே சரி பண்ணலாமா? டெபாசிட் முழுசா போயிடுமா?” ரெண்டுக்கும் பதில் பார்ப்போம்.

முதல்ல, அது கறை இல்ல, அதனால் கழுவினால் போகாது. பெரும்பாலான கார்ப்பெட்டுகள் நைலான், பாலியஸ்டர், பாலிப்ரொப்பிலீன் மாதிரியான பிளாஸ்டிக் இழைகள். பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரி செல்சியஸ் பக்கத்திலேயே உருகும். பருத்திக்கு வைக்கிற சூட்டில் இஸ்திரிப் பெட்டி 200-ஐத் தொடும். நுனி மட்டும் கருகியிருந்தால் சின்னக் கத்தரிக்கோலால் அதை நறுக்கிவிட்டால் போதும். அடிவரை உருகியிருந்தால் வெட்டி ஒட்டணும்.

வெட்டுவதற்கு முன்னாடி வீட்டு உரிமையாளருக்கு ஒரு மின்னஞ்சல், படத்தோட. அதே கார்ப்பெட்டின் மீதித் துண்டு அவரிடம் இருக்கலாம். இல்லையென்றால், அலமாரிக்குள் மூலையிலிருந்து எடுக்க அனுமதி கேளுங்க.

இனி வேலை. கையால் தடவிப் பார்த்தால் இழைகள் ஒரு பக்கமாகச் சாய்வது தெரியும். அந்தத் திசையை ரெண்டு இடத்திலும் டேப்பில் அம்புக்குறி போட்டு வையுங்க. திசை மாறினால் நிறம் ஒன்றாக இருந்தும் ஒட்டு தனியாகத் தெரியும். அதுதான் இதில் பெரிய ‘பக்’.

தீய்ந்த இடத்தைச் சுற்றி ஒரு சதுரம். தலைவகிடு எடுக்கிற மாதிரி இழைகளை விலக்கிட்டு, அடித்துணியை மட்டும் வெட்டுங்க. கீழே இருக்கும் மெத்தைத் தாளில் கத்தி படக் கூடாது. வெட்டி எடுத்த துண்டையே அளவாக வைத்துப் புதுத் துண்டை வெட்டுங்க. இருபக்கமும் ஒட்டும் கார்ப்பெட் டேப்பை, பாதி பழைய கார்ப்பெட்டுக்கு அடியிலும் பாதி வெளியிலும் இருக்கிற மாதிரி நாலு பக்கமும் செருகணும். வெட்டு ஓரங்களில் சீம் சீலர் பசையை மெல்லிசாகத் தடவி, புதுத் துண்டை அம்புக்குறிப்படி அமுக்குங்க. கனமான புத்தகங்களை ஒரு நாள் ஏற்றி வையுங்க.

ரெண்டு இடத்தில் நீங்களே கை வைக்காதீங்க. வளையம் வளையமாக இருக்கும் பெர்பர் வகையில் ஒரு இழை அறுந்தால் ஸ்வெட்டர் மாதிரி பிரிந்துகொண்டே போகும். பெரிய ஓட்டை என்றாலும் ஆள் கூப்பிடுங்க. சுவரிலிருந்து சுவர் வரை இழுத்துக் கட்டிய கார்ப்பெட் என்பதால் வெட்டினதும் இடைவெளி விரியும்.

இப்போ டெபாசிட். கலிஃபோர்னியாவில் காலி செய்த 21 நாளுக்குள், பிடித்தம் இருந்தால் கணக்கு விவரத்தோட மீதியைத் தரணும். நடந்து நடந்து தேய்ந்ததற்குப் பணம் பிடிக்க முடியாது, தீய்ந்ததற்குப் பிடிக்கலாம். ஆனாலும் பழைய கார்ப்பெட்டுக்குப் புதுசின் முழு விலை இல்ல. 10 வருஷ ஆயுள் உள்ள கார்ப்பெட் 7 வருஷம் உழைத்துவிட்டது, மாற்ற 1,500 டாலர் என்று வையுங்க. மிச்சம் 3 வருஷம். நியாயமான பிடித்தம் 450 டாலர்தான்.

அதனால் கத்தியை எடுப்பதற்கு முன்னாடி, கார்ப்பெட் எந்த வருஷம் போட்டதுன்னு எழுத்தில் கேட்டு வாங்குங்க. அந்த ஒரு பதில், ஒட்டுப் போடுவது லாபமா, விட்டுவிடுவது லாபமா என்று சொல்லிடும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.