மரத்தடிக் கொட்டைகள்: எதை உண்ணலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

அடையாறு, பெசன்ட் நகர், மயிலாப்பூர் பகுதிகளில் பல தெருக்களில் நாட்டு வாதுமை மரங்கள் நிழல் தருகின்றன. உதிர்ந்து கிடக்கும் வாதாங்கொட்டைகளைக் கல்லால் உடைத்து, உள்ளிருக்கும் பருப்பைத் தின்பது நம் பிள்ளைகளின் நெடுநாளைய வழக்கம். அவ்வழக்கத்தை நாங்கள் குறை கூறவில்லை. ஆனால் வாதாங்கொட்டை தின்று பழகிய குழந்தை, வேறு மரத்தடியிலும் செடியோரத்திலும் கிடைப்பதையும் அவ்வாறே உடைத்துத் தின்னக்கூடும். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

வாதாங்கொட்டையைப் பக்குவப்படுத்தும் முறை

அடுக்கடுக்காகப் பக்கவாட்டில் விரியும் கிளைகள், உதிரும் முன் சிவக்கும் அகன்ற இலைகள், இருபுறமும் விளிம்பு கொண்ட நீள்வட்டக் காய் ஆகியவை இம்மரத்தின் அடையாளங்கள். பழங்களை வௌவால்கள் விரும்பி உண்கின்றன. ஆகவே கடித்த தடம் உள்ள பழங்களை எடுக்கலாகாது. கேரளத்தில் 2018-ஆம் ஆண்டு நிபா தொற்று பரவியது முதல் இவ்வெச்சரிக்கை வலியுறுத்தப்படுகிறது.

முழுமையான காய்களை மட்டும் பொறுக்கி, கழுவி, நார் உலரும்வரை வெயிலில் காயவைக்க வேண்டும். பிறகு விளிம்பு மேலே இருக்குமாறு நிறுத்தி, கல்லால் தட்டினால் பருப்பு வெளிவரும். பூஞ்சை படிந்த, நிறம் மாறிய, கசக்கும் பருப்பை எறிந்துவிடுங்கள். ஈரத்தில் வளரும் சிலவகைப் பூஞ்சைகளின் நச்சு கல்லீரலைப் பாதிக்கும். வறுப்பதால் அது முழுவதும் நீங்குவதில்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்தப் பருப்பையும் முழுதாகக் கொடுக்க வேண்டாம்; மூச்சுக்குழாயில் சிக்கக்கூடும். கொட்டைப் பருப்புகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் உண்ணலாகாது.

நஞ்சுள்ள மூன்று விதைகள்

காட்டாமணக்கு: வேலியோரங்களிலும் காலி மனைகளிலும் வளர்வது. காய்க்குள் பெரும்பாலும் மூன்று கரிய விதைகள் இருக்கும். பருப்பு சுவையாகவே இருப்பதால் குழந்தைகள் ஒன்றோடு நிறுத்துவதில்லை. சில மணி நேரத்திற்குள் வயிற்றுவலி, தொடர் வாந்தி, வயிற்றுப்போக்கு ஏற்பட்டு உடலில் நீர் வற்றும். வறுத்தால் நஞ்சு போய்விடும் என்று எண்ணுவது தவறு. இவ்விதையிலுள்ள நச்சுப் பொருள்களுள் ஒரு பகுதி வெப்பத்தைத் தாங்கி நிற்கும்.

மஞ்சள் அரளி: பூசைக்காக வீட்டுத் தோட்டங்களில் வளர்க்கப்படுவது. பச்சைக் காய் முற்றியதும் கருக்கும்; உள்ளே கடினமான கொட்டை இருக்கும். இச்செடியின் எல்லாப் பாகங்களும் நஞ்சே. இது இதயத் துடிப்பின் சீரைக் குலைக்கும். குழந்தை தொடக்கத்தில் நலமாகத் தோன்றினாலும், மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துத் தொடர்ந்து கண்காணிப்பது இன்றியமையாதது.

குன்றிமணி: விநாயகர் சதுர்த்தியின்போது களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக நாம் பதிக்கும் செந்நிற விதை. ஓடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் தீங்கின்றி வெளியேறிவிடும். மென்றாலோ பொடித்தாலோ கடும் நஞ்சு. பூசை முடிந்ததும் விதைகளை எண்ணி எடுத்து அப்புறப்படுத்துங்கள்.

விழுங்கிவிட்டால் செய்ய வேண்டியவை

• வாயில் எஞ்சியிருப்பதைத் துப்பச் செய்து, வாயைக் கொப்பளிக்க வையுங்கள்.

• உப்புநீர் கொடுத்தோ தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். பால், மோர், புளிக்கரைசல் போன்றவற்றை மாற்று மருந்தாகக் கொடுக்காதீர்கள்.

• உண்ட நேரத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சிய விதை, காய், இலை எதுவாயினும் ஒரு பையில் இட்டுக் கொண்டுவாருங்கள். செடியின் புகைப்படமும் உதவும். எந்த விதை என்று தெரிந்தால் சிகிச்சை விரைவில் தொடங்கும்.

• மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108 அவசர ஊர்தியை அழையுங்கள்.

• அறிகுறி தோன்றும்வரை காத்திராதீர்கள்.

இத்தகைய சமயங்களில் பெற்றோரின் கோபத்திற்கு அஞ்சிக் குழந்தைகள் உண்மையை மறைப்பதுண்டு. அதனால் இழக்கப்படும் நேரமே பெரிய கேடு. “எதைத் தின்றாலும் உடனே சொல், திட்டமாட்டோம்” என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், ஒரு மாலைப் பொழுதில் பேரப்பிள்ளைகளைத் தெருவுக்கு அழைத்துச் சென்று, எது வாதாமரம், எது அரளி என்று காட்டிக் கொடுக்கட்டும். பெயர் தெரியாத கொட்டை வாய்க்குப் போகலாகாது என்னும் ஒரு விதியைக் குழந்தை கற்றுக்கொண்டால், அதுவே போதிய காவலாகும்.