முள்ளெலும்பு நழுவலின் பின்விளைவுகளும் அவற்றைச் சொல்லும் தமிழும்

‘முதுகில் எலும்பு விலகிவிட்டது’ என்னும் தொடரை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். இத்தொடர் இரு வேறு நிலைகளைக் குறிக்கக்கூடும். முள்ளெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் அமைந்த வட்டு பிதுங்குதல் ஒன்று. ஒரு முள்ளெலும்பே தன் கீழுள்ள எலும்பின்மீது முன்னோக்கி நழுவுதல் மற்றொன்று. இங்கு நாம் கருதுவது பின்னதையே. மருத்துவம் நம் துறையன்று. ஆயினும், நோயாளியின் வாய்ச்சொல்லில் தொடங்கும் எதுவும் மொழியியலுக்குப் புறம்பானதன்று.

இந்நிலைக்கு மருத்துவ உலகில் வழங்கும் பெயர் ‘ஸ்பாண்டிலோலிஸ்தெசிஸ்’. 1854இல் கிலியன் என்னும் செருமானிய மருத்துவர், முள்ளெலும்பு, நழுவல் எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இதனை ஆக்கினார். கீழ்முதுகில் ஐந்து முள்ளெலும்புகள் உள்ளன. முதியோரிடம் மூட்டுத் தேய்மானத்தால் பெரும்பாலும் நான்காவது எலும்பு ஐந்தாவதன்மீது நழுவுகிறது. முதுகைப் பின்னோக்கி மிகுதியாக வளைக்கும் விளையாட்டுகளில் ஈடுபடும் இளையோரிடம் எலும்பின் பின்வளைவில் நுண்விரிசல் தோன்றி, ஐந்தாவது எலும்பு நழுவுவதுண்டு. கீழெலும்பின் மேற்பரப்பை நான்கு கூறாக்கி, நழுவலின் அளவைப் படிநிலைப்படுத்தும் முறை 1932இல் மேயர்டிங் என்பவர் வகுத்தது.

சிறிதளவு நழுவல் உள்ளோர் பலருக்குத் தொல்லை ஏதும் இராது. பின்விளைவுகள் தோன்றின், அவை மூவகைப்படும். முதலாவது, நரம்புவேர் அழுத்தம்: புட்டத்திலிருந்து காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், பாதம் தளர்தல். இரண்டாவது, நரம்புக் குழாய் ஒடுங்குதல்: சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனக்கும், அமர்ந்தாலோ முன்குனிந்தாலோ தணியும். மூன்றாவது அரிது; ஆயினும் கொடிது. தண்டுவடம் முடிந்தபின் கீழிறங்கும் நரம்புக் கற்றை, ‘குதிரைவால்’ எனப் பொருள்படும் இலத்தீன் பெயர் பெற்றது. அது நசுங்கினால், அமரும்போது இருக்கையில் படும் பகுதி உணர்விழக்கும், சிறுநீர் கழிக்க இயலாமற்போகும், அல்லது அறியாமற் கசியும், மலக்கட்டுப்பாடும் தவறும். இது உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டிய நிலை. காலந்தாழ்ந்தால் இழப்பு நிலைத்துவிடும்.

இங்கேதான் மொழி இடைப்படுகிறது. வலி, குடைச்சல், எரிச்சல், மதமதப்பு, மரத்துப்போதல் என நுட்பமாக வேறுபடுத்தும் சொற்கள் நம்மிடம் உள்ளன. தமிழறியா மருத்துவரிடம் பேரப்பிள்ளைகள் மொழிபெயர்க்கும்போது இவையனைத்தும் ‘வலி’ என்னும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடுகின்றன. வலிப்பதும் மரத்துப்போவதும் ஒன்றல்ல. வலி குறைந்து மரத்துப்போவதை நலமடைதலாக எண்ணுவோரும் உளர்.

மற்றொரு தடை இடக்கரடக்கல். அவையில் கூறத்தகாதவற்றை மறைத்துரைப்பதை நன்னூல் தகுதி வழக்கினுள் அடக்கும். ‘கால் கழுவி வந்தேன்’ என்னும் எடுத்துக்காட்டை நாம் வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். எம் குடும்பத்து மூதாட்டி ஒருவர், சிறுநீர் பிரியாத தொல்லையைப் பேரனிடம் கூற நாணி, ‘உடம்பு ஒரு மாதிரியாக இருக்கிறது’ என்று மட்டும் இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அறுவைக்குப்பின் கால் வலிமை மீண்டது. சிறுநீர்க் கட்டுப்பாடு முழுமையாக மீளவில்லை. இலக்கணம் கற்பித்த நாமும் அம்மறைப்பின் பொருளை உணர்ந்தோமில்லை.

அவைக்கு ஏற்றது இடக்கரடக்கல். மருத்துவர் அறைக்கு ஏற்றது வெளிப்படைச் சொல். ஆசிரியர்கள் இலக்கண வகுப்பிலேயே இவ்வேறுபாட்டைச் சுட்டலாம். மாணவர்கள் முதியோருக்காக மொழிபெயர்க்கையில், ‘எங்கே வலிக்கிறது?’ என்பதோடு நில்லாமல், ‘எங்கே உணர்வில்லை? சிறுநீர் வழக்கம்போல் பிரிகிறதா?’ என்றும் தயங்காது வினவுதல் வேண்டும். விடையை ஒரே சொல்லாகச் சுருக்காமல், கேட்டவாறே மருத்துவரிடம் சேர்த்தல் அவர்தம் கடன்.